பேரிடருக்கு முன்பே தொடங்கும் தாதிமைப் பணி



‘என் இலட்சியம்’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், ஒவ்வோர் ஆண்டும் சில மாணவிகளேனும் தாம் தாதியாக விரும்புவதாக எழுதுகின்றனர். வெள்ளைச் சீருடை, ஊசி, மருந்து, கனிவான சொல் ஆகியவற்றோடு அக்கட்டுரைகள் நிறைவுபெற்று விடுகின்றன. சாலை துண்டிக்கப்பட்டு, மின்சாரமும் நின்று, மருந்தும் குறைந்துபோன வேளையில் ஒரு தாதி என்ன செய்வார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். நாமும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அதற்கான வரலாறோ லகாட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாப்பான் சிற்றூரில் இருக்கிறது.

பாப்பானில் ஒரு தாதி

சிபில் கார்த்திகேசு 1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர், யுரேசியர். அவர்தம் தாயார் ஒரு மருத்துவச்சி. சிபிலும் தாதிமையும் பேறுகாலப் பணியும் பயின்றார். 1919இல் தைப்பிங்கில் பிறந்த தமிழரான அப்டன் கிளமென்ட் கார்த்திகேசுவை மணந்தார். ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்பது அவர் கணவரின் இயற்பெயர். 1926 முதல் ஈப்போ புருஸ்டர் சாலையில் (இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா) இருவரும் மருந்தகம் நடத்தினர்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஈப்போவை நெருங்கியபோது, குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. அங்குள்ள 74ஆம் எண் கடைவீட்டில் ஏழை எளியோருக்கு மருத்துவம் பார்த்த சிபில், ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் போராளிகளின் காயங்களுக்கும் மறைவாகச் சிகிச்சை அளித்தார். 1943இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். 1945இல்தான் விடுதலை பெற்றார். பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. சித்திரவதையின் பாதிப்பிலிருந்து மீளாமலேயே 1948 ஜூன் 12ஆம் நாள் அங்கு காலமானார்.

அவரது வீரத்தைப் பலரும் எழுதியுள்ளனர். ஓர் ஆசிரியராக என் கவனத்தை ஈர்ப்பது அவரது ஆயத்தநிலை. பாப்பானுக்குச் சென்றபோது அவர் கைத்தொழில் நன்கு கற்றவராக இருந்தார். கண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். மருந்தகப் பணியில் பதினைந்து ஆண்டுக்கால அனுபவமும் மக்களின் நம்பிக்கையும் அவரிடம் இருந்தன. இவற்றுள் ஒன்றேனும் பேரிடர் வந்த பின்னர் தேடிப் பெறக்கூடியதா?

மண்ணும் நீரும் சீறும்போது

போர் மனிதர் விளைவித்த பேரிடர். இயற்கைச் சீற்றத்தையும் நம் பேரா மாநிலம் கண்டிருக்கிறது. 1996 ஆகஸ்டு 29ஆம் நாள் கம்பார் அருகே போஸ் டீப்பாங் ஓராங் அஸ்லி குடியிருப்பை மண்ணும் மரக்கட்டைகளும் கலந்த பெருவெள்ளம் அடித்துச் சென்றது. 44 பேர் மாண்டனர். 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்தில் குவாலா கிராய் மருத்துவமனையே நீரால் சூழப்பட்டு மின்சாரத்தை இழந்தது. அவ்வாண்டு நாடு முழுவதும் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இத்தகைய வேளையில் தாதியின் பணி வழக்கமான வார்டுப் பணியினின்று பெரிதும் மாறுபடுகிறது. முதலாவது, தரம் பிரித்தல். உடனடியாகக் கவனித்தால் பிழைப்பவர்க்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக் கூடியவர்க்கு மஞ்சள், நடக்கக் கூடியவர்க்குப் பச்சை என அடையாளமிடுவர். உரக்கக் கதறுபவரைக் கடந்து, ஓசையின்றிக் கிடப்பவரிடம் முதலில் செல்லும் மனவுறுதி அதற்குத் தேவை. இரண்டாவது, வெள்ளம் வடிந்த பின் வரும் நோய்களைத் தடுத்தல். வயிற்றுப்போக்கும் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் அவற்றுள் முக்கியமானவை. மூன்றாவது, இன்சுலின் தேவைப்படுவோர், சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்வோர், நிறைமாதக் கர்ப்பிணிகள் ஆகியோரைத் துயர் துடைப்பு மையங்களில் கண்டறிந்து காத்தல்.

உலகம் கற்ற பாடம்

1995 ஜனவரி 17ஆம் நாள் ஜப்பானின் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கம் 6,400க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தாதியரின் அனுபவங்களை ஆராய்ந்து கல்வியாக்க வேண்டும் என உணர்ந்த ஜப்பானியர், 1998இல் பேரிடர்த் தாதிமைக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். உலகளாவிய சங்கம் 2008இல் தோன்றியது. 2009இல் உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தாதியர் மன்றமும் பேரிடர்த் தாதிமைக்கான திறன்களை வகுத்து வெளியிட்டன. தடுத்தல், ஆயத்தமாதல், எதிர்கொள்ளல், மீட்டெடுத்தல் என அவை நான்கு கட்டங்களாக அமைந்துள்ளன. நான்கில் இரண்டு, பேரிடருக்கு முன்னரே செய்ய வேண்டியவை என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டிலும் 1993இல் 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விபத்திற்குப் பிறகே, 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் ஆணை வந்தது. எந்தத் துறை எப்பணியைச் செய்ய வேண்டும் என்பது அதில் வரையறுக்கப்பட்டது. 2014 வெள்ளத்திற்குப் பின், 2015இல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் (நட்மா) உருவானது. ஒவ்வொரு பாடத்திற்கும் மக்கள் தந்த விலை பெரிது.

நாம் செய்யக் கூடியவை

சிபிலைப் போன்ற ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் தற்செயலாகத் தோன்றுவார் என நம்பி நாம் வாளாவிருக்க இயலாது. பயிற்சி பெற்றவர் பலர் வேண்டும். வெள்ளக் காலத்தில் நம் பள்ளி மண்டபங்களே துயர் துடைப்பு மையங்களாகின்றன என்பதையும் மறத்தலாகாது.

ஆசிரியர்களே, செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் முதலுதவிப் படை ஆகிய சீருடை இயக்கங்களைப் புறப்பாட மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்தாதீர். கட்டுப்போடவும் இரத்தப்போக்கை நிறுத்தவும் மாணவர்களின் கைகள் உண்மையிலேயே பழகட்டும். உள்ளூர் வரலாறு கற்பிக்கும்போது பாப்பானுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோர்களே, வீட்டிலுள்ள முதியோரின் நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி, நனையாத உறையில் வையுங்கள். வெள்ள நேரத்தில் ஒரு தாதிக்கு அத்தாளே பேருதவியாகும். தாதியாக விரும்பும் மகளை, “இரவு வேலை, கடின வேலை” என்று தடுக்காதீர்; மகன் விரும்பினாலும் நகைக்காதீர். அறிவியலோடு மலாயும் ஆங்கிலமும் நன்கு கற்க ஊக்குவியுங்கள். அடுத்த வீட்டாரின் மொழியையும் பேசிப் பழகச் செய்யுங்கள். சிபிலுக்குப் பாப்பானில் கைகொடுத்தவற்றுள் மொழியும் ஒன்று.

அடுத்த வெள்ளம் எப்போது வரும் என நாம் அறியோம். அன்று பணிபுரியவிருக்கும் தாதியருள் சிலர் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை ஆயத்தப்படுத்தும் கடமை நமக்கும் உண்டு.