அறுபது வோல்ட்: எமது துறைமுகத்திலிருந்து போன சின்ன நீர்மூழ்கிகள்



இறக்கக்கண்டியில் கடலைப் பார்த்தே வளரும் எமது பிள்ளைகளுக்கு நீர்மூழ்கி என்றால் தனி ஆசை. ஓராள் போகிற மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்யலாமா, அதற்கு எத்தனை வோல்ட் பெட்டரி போட வேண்டும், 12ஆ, 24ஆ, 48ஆ என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் திருகோணமலையில் எழுதப்பட்டது.

1859இல் பிரான்சின் கஸ்தோன் பிளான்டே ஈய-அமிலக் கலத்தை உருவாக்கினார். அந்தக் கலம் ஒன்று தருவது ஏறத்தாழ 2 வோல்ட். கூடுதலாக வேண்டுமென்றால் கலங்களைத் தொடராக இணைக்க வேண்டும். 1888இல் கடலில் இறங்கிய ஸ்பெயினின் பெரால் நீர்மூழ்கியில் 613 கலங்கள். அதே மாதம் இறங்கிய பிரான்சின் ஜிம்னோட்டில் 564. சின்னப் படகில் இத்தனை கலங்களுக்கு எங்கே இடம்?

1941 டிசம்பரில் இத்தாலியர் விடை காட்டினார்கள். டோர்பிடோ வடிவ மின்படகுகளின் மேல் இருவர் இருவராக அமர்ந்து அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் புகுந்து, பிரித்தானியரின் குயீன் எலிசபெத், வேலியன்ட் என்ற போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தினார்கள். திருத்தப்பட்ட அதே வேலியன்ட், 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி எமது துறைமுகத்தில் மிதக்கும் டொக் உடைந்து மூழ்கியபோது மீண்டும் சேதமடைந்தது.

அந்த இத்தாலியப் படகைப் பார்த்துப் பிரித்தானியர் செய்ததே ‘செரியட்’. அதன் முதல் வகையில் 60 வோல்ட் ஈய-அமில பெட்டரி இருந்தது. அதாவது 30 கலங்கள். 1944 ஒக்டோபரில் ட்ரென்சன்ட் என்ற நீர்மூழ்கி, இரண்டாம் வகைச் செரியட்கள் இரண்டைச் சுமந்து திருகோணமலையிலிருந்து தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போனது. சுமாத்ரா, வோல்பி என்ற இரு கப்பல்களில் வெடி வைத்துவிட்டு நால்வரும் உயிரோடு ட்ரென்சன்டுக்குத் திரும்பினார்கள். செரியட்கள் கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டன.

60 வோல்ட்டினால் என்ன நன்மை? சாதாரண தரக் கணக்கே போதும். 2 குதிரைவலு மோட்டருக்குச் சுமார் 1500 வாட் வேண்டும். 12 வோல்ட்டில் 125 அம்பியர் ஓடும். 60 வோல்ட்டில் 25 அம்பியர்தான். ஒரே வயரில் மின்னோட்டம் ஐந்து மடங்கானால் வெப்பம் இருபத்தைந்து மடங்கு. அதைத் தாங்கத் தடித்த செம்புக் கம்பி வேண்டும். அதன் பாரமும் விலையும் வேறு.

அப்படியானால் வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போகலாமா? அங்கேதான் உப்புத் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். வோல்ட் கூடக் கூட கசிவும் அரிப்பும் கூடும். நனைந்த உடம்பில் அடிக்கும் அதிர்ச்சியும் கூடும். குறைந்த வோல்ட்டில் வயர் சூடாகும். கூடிய வோல்ட்டில் மனிதன் ஆபத்திலாவான். இடையில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். இன்று வீட்டில் நீர்மூழ்கி செய்கிறவர்கள் 12, 24, 36, 48 என்று தடுமாறுவதும் இதனால்தான். அந்த வோல்ட்டுக்குச் சந்தையில் மோட்டர் கிடைக்கிறதா என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பிள்ளைகள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. செரியட்காரர்கள் சுவாசக் கருவியோடு வெளியே, தண்ணீரில் அமர்ந்திருந்தார்கள். பெட்டரியோடு ஒரே கூட்டுக்குள் அடைபடவில்லை. ஈய-அமில பெட்டரியை சார்ஜ் செய்யும்போது ஐதரசன் வரும். ஒரு பொறி போதும் வெடிப்பதற்கு. பெட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வரும். மூடிய கூட்டில் அது மூச்சை நிறுத்திவிடும். இந்த ஆபத்து 12 வோல்ட்டிலும் உண்டு. பழைய த்ரீவீலர் பெட்டரியையும் ஒரு பீப்பாவையும் வைத்துக்கொண்டு கனவு காணும் பிள்ளைக்கு இதை நாம்தான் சொல்ல வேண்டும்.

துறைமுக வரலாறு என்று தளபதிகளின் பெயரையும் கப்பல்களின் பெயரையும் மனப்பாடம் செய்விக்கிறோம். அதோடு இந்த 60 வோல்ட் கணக்கையும் ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டுவோம். ஆசையைத் தடுக்க வேண்டாம். முதல் படகை ஆளில்லாமல், கயிறு கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறக்கிப் பார்க்கச் சொல்வோம்.