தெளிந்த கண்ணில் தங்கும் மங்கல்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில் கோப்பாயை அடுத்துள்ள ஊர் நீர்வேலி. சங்கர பண்டிதர் வாழ்ந்தமையாற் புலவருலகிற் பெயர்பெற்ற அவ்வூர், செம்மண் தோட்டங்களாலும் வாழைக்குலைச் சந்தையாலும் குடாநாடு முழுவதும் அறியப்பட்டது. அங்கே வெயிலில் நின்று உழைக்கும் தோட்டக்காரர் ஒருவருக்குப் பார்வை நரம்பிலே அழற்சி உண்டாகி, பின்னர் அது தணிந்துவிட்டது என்று கொள்வோம். வைத்தியசாலைச் சுவரிலே தொங்கும் எழுத்தட்டையின் கடைசி வரியையும் அவர் வாசித்து விடுகிறார். “கண் சுகமாயிற்று” என்று கூறி அனுப்புகின்றனர். ஆயினும் உச்சிவேளையில் மண்வெட்டியைப் பிடித்துச் சிறிது நேரம் கொத்தியதும் உலகம் புகைமூடியதுபோல் மங்குகிறது. நிழலில் அமர்ந்து இளைப்பாறினால் மங்கல் நீங்குகிறது. சந்தையிலோ, குலையின் பச்சை எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் துலக்கமாகத் தெரிவதில்லை. வீட்டார் நம்புவதா, ஐயுறுவதா? இந்த வினாவுக்கு வைத்திய உலகம் விடை கண்ட வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது.

பார்வை நரம்பு என்பது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகள் சேர்ந்த ஒரு கற்றை. கண்ணில் விழும் காட்சியை மூளைக்கு எடுத்துச் செல்வது அதுவே. ஒவ்வோர் இழையையும் மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திருக்கிறது. அழற்சி இவ்வுறையைச் சிதைக்கும்போது கண்ணை அசைத்தால் நோகிறது. சில நாட்களுக்குள் பார்வை குன்றுகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிற் பார்வை திரும்பத் தொடங்குகிறது. ஆனால் உறை முன்போல் முழுமையாக வளர்வதில்லை. இழைகளிற் சில அழிந்தும் போகின்றன. பின்னர் எஞ்சும் குறைகளுக்கெல்லாம் வேர் இதுவே.

இந்நோயை அறிவதற்கு முதலிற் கண்ணின் உட்புறத்தைக் காணும் வழி வேண்டியிருந்தது. 1851ஆம் ஆண்டிலே ஜெர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுட்காட்டி என்னும் கருவியை வெளியிட்டார். அக்காலத்திலே நீர்வேலிக்கு வெகுதூரமில்லாத மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் நோயாளரைப் பார்த்தும் மாணவருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தும் வந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், பின்னர் அக்கல்வியைத் தமிழ் மொழியிலேயே நடத்தினார். உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். நோயாளி தன் நோயைத் தன் மொழியிற் சொல்லவும், வைத்தியர் அதே மொழியில் அதனை விளங்கிக்கொள்ளவும் வேண்டும் என்பது அவருடைய முயற்சியின் உட்பொருள். சொல்லுக்கெட்டாத மங்கலைப்பற்றிப் பேசும்போது இந்த உண்மையின் அருமை புலப்படும்.

கிறீன் தம் தாய்நாட்டிற் காலமான 1884ஆம் ஆண்டிலேயே, இலண்டனில் எட்வேர்ட் நெட்டில்ஷிப் என்னும் கண் வைத்தியர், கண்ணுக்குப் பின்னால் நரம்பில் உண்டாகும் அழற்சியைத் தனிநோயாக விரித்தெழுதினார். உள்ளே பார்த்தால் மாசு மறுவின்றித் தோன்றும் கண்ணும் பார்வையிழந்திருக்கலாம் என்பது இதனால் துலங்கியது. “வைத்தியர் ஒன்றையும் காணார், நோயாளியும் ஒன்றையும் காணார்” என்று வைத்தியர்களிடையே வழங்கும் வேடிக்கை மொழி இந்நோயைக் குறித்ததே.

1890ஆம் ஆண்டில் ஜெர்மன் வைத்தியரான வில்ஹெல்ம் ஊட்ஹொஃப் இன்னும் ஒருபடி சென்றார். நரம்புறைகள் பல இடங்களிற் சிதையும் நோயுடையோர் நூறுபேரை அவர் ஆராய்ந்தபோது, நால்வருக்கு உடலுழைப்பின்பின் பார்வை மங்கி, ஓய்வின்பின் தெளிந்தது. உழைப்பின் களைப்பே காரணம் என்று அவர் கருதினார். உடல் வெப்பம் உயர்வதே காரணம் என்று பிற்காலத்தார் தெளிந்தனர். உறை சிதைந்த இழை வெப்பம் சிறிது ஏறினாலும் செய்தியைக் கடத்த மாட்டாமல் தயங்குகிறது. உடல் குளிர்ந்ததும் மீண்டும் கடத்துகிறது. குளிர்நாட்டில் வெந்நீர்க் குளியலின்போது வெளிப்படும் இக்குறை, நீர்வேலித் தோட்டத்தில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் வெளிப்படக்கூடும்.

1922ஆம் ஆண்டில் ஜேனா நகரத்துப் பௌதிக அறிஞர் கார்ள் புல்ஃப்ரிச் வேறொரு விந்தையை விளக்கினார். ஒரு கண்ணின்முன் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் ஆடும் ஊசலைப் பார்த்தால், அது வளைந்து சுழல்வதாகத் தோன்றும். மங்கிய கண்ணின் செய்தி சற்றுத் தாமதித்து மூளையை அடைவதே காரணம். புல்ஃப்ரிச்சோ ஒரு கண்ணிற் பார்வை இழந்தவர். தாம் விளக்கிய தோற்றத்தைத் தாமே காண இயலாதவர். அழற்சி வந்துபோன கண்ணுடையோருக்குக் கறுப்புக் கண்ணாடி இல்லாமலே இம்மயக்கம் நேர்கிறது. வீதியில் வரும் வாகனத்தின் தூரத்தையும் எறிந்த பந்தின் வழியையும் மட்டிட அவர்கள் இடர்ப்படுவது இதனாலேயே.

தாமதத்தை நேரிற் காட்டும் சான்று 1972ஆம் ஆண்டில் வந்தது. இலண்டனில் ஹலிடேயும் அவர்தம் துணைவரும், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் மாறிமாறித் தோன்றுவதை நோயாளர் பார்க்கும்போது மூளையில் எழும் மின்னலையை அளந்தனர். பார்வைக் கூர்மை மீண்டபின்னும் அலை பிந்தியே வந்தது. அன்றுவரை நோயாளியின் சொல்லாக மட்டும் இருந்தது, கருவியின் கோடாகத் தாளில் விழுந்தது.

பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை 457 நோயாளரைச் சேர்த்துப் பெரும் ஆய்வொன்று நடத்தப்பட்டது. நாளத்தின் வழியே செலுத்தும் ஸ்டெரொயிட் மருந்து பார்வை விரைந்து மீள உதவுகிறது, ஆனால் முடிவிற் கிடைக்கும் பார்வையை உயர்த்துவதில்லை என்பதும், வழக்கமான அளவில் அம்மருந்தை வில்லையாக மட்டும் கொடுத்தால் நோய் திரும்புவது மிகுகிறது என்பதும் 1992இல் வெளியாயின. பதினைந்து ஆண்டுகளின்பின் பார்த்தபோது, நோயுற்ற கண்களில் 72 வீதமானவை எழுத்தட்டையில் இயல்பான கூர்மையைக் காட்டின. எனினும் அட்டையைத் தெளிவாக வாசித்தவர்களிடத்தும் நிறத்தெளிவும் வெளிறிய உருவைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் ஆற்றலும் குறைந்திருக்கக் காணப்பட்டது. வெண்தாளிற் கறுப்பெழுத்து என்பது பார்வையின் ஒரு பகுதியே. அந்தி மங்கலிற் படியையும், முகிலின்கீழ் முகத்தையும் காண்பதும் பார்வையே.

ஆகவே அத்தோட்டக்காரர் கூறியது பொய்யன்று. வெப்பத்தால் வந்து, உடல் குளிர்ந்ததும் போகும் மங்கல் புதிய அழிவைக் குறிப்பதுமன்று. காலையிலும் மாலையிலும் வேலை செய்தல், நிழல், குளிர்நீர், இடையிடையே ஓய்வு ஆகியன அதற்குப் போதும். குளிர்ந்தபின்னும் மங்கல் நீங்காமல் ஒருநாளுக்கு மேல் நின்றாலோ, கண்ணசைவில் நோவு மீண்டும் தோன்றினாலோ, மற்றக் கண்ணிலும் பார்வை குன்றினாலோ காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாட வேண்டும். பார்வை நரம்பையும் முதுகுத்தண்டையும் சேர்த்துத் தாக்கும் கொடிய நோயொன்றை இனங்காட்டும் குருதிப் பரிசோதனைக்கு 2004ஆம் ஆண்டில் வழி திறந்தது. அந்நோய்க்குரிய சிகிச்சை வேறு. ஆதலின் காரணத்தைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

நெட்டில்ஷிப்பும் ஊட்ஹொஃபும் நோயாளர் சொன்னதைத் தட்டிக்கழிக்காமற் கேட்டனர். கருவிகள் பின்னர் வந்து அதற்குச் சான்று கூறின. வீட்டிலே ஒருவர் “தெரிகிறது, ஆனால் முன்போல் இல்லை” என்று சொல்லும்போது, அச்சொல்லை நம்பிக் கேட்பதே அவருக்குச் செய்யும் முதல் வைத்தியமாகும்.