பிழையாற் பெயர்பெற்ற பற்றீரியா

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வெல்லாவெளியில் குழந்தைகட்கு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் ஏற்றப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியின் பின்னே ஒரு பிழையின் வரலாறு உண்டு. 1892இல் செருமானிய அறிஞர் ரிச்சார்ட் பைபர், இன்புளுவென்சாக் காய்ச்சலின் காரணியென ஒரு பற்றீரியாவைச் சுட்டினார். வைரசே காரணமென 1933இல் இங்கிலாந்து ஆய்வாளர் காட்டினர். எனினும் 'ஈமோபிலசு இன்புளுவென்சா' என்னும் பெயர் நிலைத்தது. இதன் பி வகை சிறாரிடையே மூளைய மென்சவ்வழற்சியும் நியூமோனியாவும் விளைப்பது.

இலங்கை 2008 சனவரியில் இத்தடுப்பூசியைப் புகுத்தியது. ஊசி பெற்ற குழந்தைகள் சிலர் இறக்கவே, சில மாதங்களில் நிறுத்தியது. நிபுணர் ஆய்வின்பின் 2010இல் மீண்டும் தொடங்கியது. பைபரின் பிழையைத் திருத்தியது ஆய்வே. தாய்மாரின் ஐயத்தையும் கட்டளையாலன்றி, வெளிப்படையான ஆய்வாலேயே தீர்த்தல் வேண்டும்.