ஒருவழிப் பயணச்சீட்டு

சங்க இலக்கியத்தின் அகத்துறைகளுள் பொருள்வயிற் பிரிவு என்பது ஒன்று. தலைவன் பொருள் தேடிப் பாலை நிலத்தைக் கடந்து செல்கிறான். தலைவி சுவரிலே கோடிட்டு, அவன் போன நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவன் பிரிவது இல்லறத்தை இனிது நடத்தும் பொருட்டே ஆதலால், போனவன் திரும்புவான் என்பதுதான் அந்தத் துறைக்கு உயிர். நான் இலக்கியம் கற்பிப்பவன் அல்லன், வரலாறு கற்பிப்பவன். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பழங்குடி மக்களுக்கு வேலையும் தொழிற்பயிற்சியும் தருவதற்கென்று அந்நாட்டரசு வகுத்த திட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துறையே நினைவுக்கு வருகிறது. அதன் காரணத்தை நேயர்கள் இவ்வுரையின் போக்கிலே உணர்வார்கள்.

கொலம்பஸ் செய்த பிழையால் அந்த மக்களுக்கு 'இந்தியர்' என்ற பெயர் ஏற்பட்டது. நம் பழைய பாடப் புத்தகங்கள் அவர்களைச் செவ்விந்தியர் என்று குறித்தன. உண்மையில் அவர்கள் ஒரே இனத்தவர் அல்லர். நவஹோ, செரொக்கி, மெனோமினி, மோஹாக் என்று தனித்தனி மொழியும் வழக்கமும் உடைய பல சமுதாயத்தார். இன்று அமெரிக்க மைய அரசு ஏற்றுக்கொண்டுள்ள பழங்குடி அரசுகள் 500-க்கும் மேற்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவர்களுடைய நிலங்கள் பறிபோயின. எஞ்சிய மக்கள் ஒதுக்கீட்டு நிலங்கள் எனப்பட்ட பகுதிகளுக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்த நிலமும் நிலைக்கவில்லை. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொது நிலத்தைத் தனியார் பங்குகளாகப் பிரித்து, மிகுந்ததை விற்க வழி செய்தது. அப்போது 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த பழங்குடி நிலம், 1934-க்குள் ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஏக்கராகச் சுருங்கிவிட்டது. நிலத்தை இழந்தவனுக்கு வேறு பிழைப்பு வேண்டும் அல்லவா? தொழிற்பயிற்சியின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

1879-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற இராணுவ அதிகாரி பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரில் ஒரு தங்கிப் பயிலும் பள்ளியை நிறுவினார். பழங்குடிச் சிறுவர் சிறுமியர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. தாய்மொழி பேசுவது தடுக்கப்பட்டது. பகலில் ஒரு பாதி ஏட்டுக் கல்வி. மறு பாதி கைத்தொழில். ஆண்கள் தச்சும் கொல்லும் தையலும் கற்றார்கள். பெண்கள் துணி வெளுத்தலும் சமையலும் கற்றார்கள். விடுமுறைக் காலத்திலும் அவர்களைப் பெற்றோரிடம் அனுப்பாமல், வெள்ளையர் பண்ணைகளிலே வேலைக்கு அமர்த்தும் ஏற்பாடு ஒன்றும் இருந்தது. பழங்குடித் தன்மையைக் களைந்தெறிந்தால்தான் மனிதனைக் காப்பாற்ற முடியும் என்பது பிராட்டின் கொள்கை. 1918-இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. கொள்கை மட்டும் மூடப்படவில்லை.

இடையிலே வேறு விதமான முயற்சி ஒன்றும் நடந்தது. அதனை நாம் மறந்துவிடலாகாது. 1933-இல் ஜான் காலியர் என்பவர் பழங்குடி மக்கள் விவகாரத் துறையின் ஆணையராக வந்தார். பெரும் பொருளாதார மந்தத்தை எதிர்த்து அதிபர் ரூஸ்வெல்ட் இளைஞர்களுக்கு அமைத்த வனப் பாதுகாப்புப் படையிலே, பழங்குடி மக்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று அவ்வாண்டே உண்டாயிற்று. அந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள் தத்தம் ஒதுக்கீட்டு நிலங்களிலேயே பாதை அமைத்தார்கள், கிணறு தோண்டினார்கள், மண் அரிப்பைத் தடுக்க அணைகள் கட்டினார்கள், காட்டுத் தீயை அணைத்தார்கள். பலர் மணமானவர்கள், மாலையிலே தம் வீட்டுக்குத் திரும்பினார்கள். இயந்திரங்களை இயக்கவும் பழுது பார்க்கவும் வேலைத் தலத்திலேயே கற்றார்கள். 1942-இல் அந்தப் படை கலைக்கப்படுவதற்குள் 80,000-க்கும் மேற்பட்டோர் அதில் பணிபுரிந்திருந்தார்கள். பயிற்சி பெறுவதற்கு ஊரைத் துறக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் உலகப் போர் வந்தது. ஏறத்தாழ 25,000 பழங்குடியினர் படையிலே சேர்ந்தார்கள். இன்னும் பல்லாயிரவர் போர்த் தளவாட ஆலைகளுக்குச் சென்றார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பிய ஊரிலே வேலை இல்லை. 1947-48 குளிர்காலத்தில் நவஹோ மக்களின் நிலத்தில் கடும் பனி பெய்து, ஆட்டு மந்தைகளும் மக்களும் பெரிதும் துன்புற்றார்கள். உடனடி உதவியோடு, டென்வர், சால்ட் லேக் சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய நகரங்களில் அவர்களுக்கு வேலை தேடித்தரும் அலுவலகங்களும் ஏற்பட்டன. துயர் துடைக்கத் தொடங்கிய அந்தச் சிறு முயற்சி, சில ஆண்டுகளில் நாடு தழுவிய கொள்கையாக வளர்ந்தது.

அதை வளர்த்தவர் டில்லன் மையர். 1950 முதல் 1953 வரை அவர் ஆணையராக இருந்தார். அதற்கு முன்பு அவர் வகித்த பதவி எது தெரியுமா? போர்க் காலத்தில் ஜப்பானிய வமிசத்தவரான அமெரிக்கர்களை வீடு வாசலிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்து வைத்த துறைக்கு அவரே தலைவர். முகாமிலிருந்தவர்களை நாட்டின் பல நகரங்களில் சிதறிக் குடியேறச் செய்வதே நன்மை என்று நம்பியவர். ஒதுக்கீட்டு நிலங்களையும் அவ்வாறே நோக்கினார். 1952-இல் 'விருப்பக் குடிபெயர்வு' என்ற திட்டம் விரிவாக்கப்பட்டது. 1953 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பழங்குடி அரசுகளோடு மைய அரசுக்கு இருந்த தனி உறவையும் பொறுப்பையும் படிப்படியாக முடித்துவிடுவது அதன் நோக்கம். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். மக்கள் நகரத்துக்குப் போய்விட்டால் நிலத்துக்கு உரிமை கோர யார் இருப்பார்கள்?

1956 ஆகஸ்டு 3-ஆம் நாள் பொதுச் சட்டம் 959 பிறந்தது. 18 முதல் 35 வயதுக்கு உட்பட்ட பழங்குடியினர்க்கு 24 மாதம் வரை தொழிற்பயிற்சி அளிக்க அது வகை செய்தது. ஆண்டுதோறும் 35 லட்சம் டாலர் வரை செலவிட அனுமதி தந்தது. பயிற்சிக் கட்டணமும் பயணச் செலவும் பயிலும் காலத்து உணவும் உறையுளும் அரசின் பொறுப்பு. உலோகம் பற்றவைத்தல், மோட்டார் பழுதுபார்த்தல், முடிதிருத்துதல், தட்டெழுத்து, செவிலியர்க்கு உதவும் பணி முதலியவை கற்பிக்கப்பட்டன. சட்டத்தின் எழுத்தைப் படித்தால் குறை சொல்லத் தோன்றாது. ஊரருகே பயிற்சி பெறுவதையும் அது தடுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் பயிற்சியும் வேலையும் பெரும்பாலும் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், டென்வர், டல்லஸ், கிளீவ்லாந்து போன்ற தொலை நகரங்களிலேயே கிடைத்தன. விண்ணப்பம் செய்த குடும்பத்துக்கு ரெயில் அல்லது பஸ் சீட்டுக் கொடுக்கப்பட்டது. அது போவதற்கான சீட்டு மட்டுமே. திரும்புவதற்குச் சீட்டு இல்லை.

நகரத்தில் சிலர் நன்றாக வாழ்ந்தார்கள். கற்ற தொழிலால் வீடு வாங்கினார்கள். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அதனை மறைப்பது வரலாறு ஆகாது. ஆனால் பலர்க்குக் கிடைத்தது குறைந்த கூலி வேலை. ஆலையில் ஆட்குறைப்பு நேர்ந்தால் முதலில் அவர்களே வெளியேற்றப்பட்டார்கள். தங்கியதோ நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில். ஒதுக்கீட்டு நிலத்தில் கிடைத்துவந்த அரசு மருத்துவம் நகரத்தில் எளிதாகக் கிட்டவில்லை. துணைக்கு உறவினர் இல்லை. மனம் தாளாமல் திரும்பியவர்கள் மிகப் பலர். அவர்கள் எத்தனை பேர் என்பதில் அதிகாரிகளின் கணக்கு ஒன்றாகவும், திட்டத்தைக் குறைகூறியவர்களின் கணக்கு வேறாகவும் இருந்தது. எந்தக் கணக்கிலும் திரும்பியவர்கள் தோல்வியின் பக்கத்திலேயே எழுதப்பட்டார்கள். இதுவே என் மனத்தை மிகவும் உறுத்துவது.

ஊரைவிட்டுப் பொருள் தேடப் போவதே தீது என்று நான் சொல்லவில்லை. கனடாவில் மான்ட்ரியால் நகருக்கு அருகே கானவாகே என்ற மோஹாக் சிற்றூர் இருக்கிறது. 1886-இல் அவர்கள் நிலத்தின் வழியே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் ரெயில்வே பாலம் கட்டப்பட்டது. கூலி வேலைக்கு அமர்ந்த ஊர் இளைஞர்கள் இரும்புச் சட்டங்களின்மேல் அச்சமின்றி ஏறி நடந்தார்கள்; தறையாணி அடிக்கும் தொழிலைக் கற்றார்கள். பின்பு தம்பிக்கு அண்ணனும் மருமகனுக்கு மாமனும் ஆசிரியர் ஆயினர். 1907-இல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து விழுந்து 75 பேர் மாண்டார்கள். அவர்களுள் 33 பேர் இந்த ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். அத்தனை பெரிய துயரத்துக்குப் பின்னும் அவர்கள் தொழிலைக் கைவிடவில்லை. நியூயார்க் நகரத்து வானளாவிய கட்டடங்களில் அவர்கள் உழைப்பு நிற்கிறது. புரூக்ளினிலே குடியிருந்து வேலை செய்தவர்கள், விடுமுறை நாட்களில் ஏறத்தாழ 400 மைல் மோட்டாரில் சென்று தம் ஊரைக் கண்டு வந்தார்கள். போகும் வழியும் திரும்பும் வழியும் அவர்கள் கையிலேயே இருந்தன.

இனி, திரும்பி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1956-இல் ஓக்லஹோமா மாநிலத்துச் செரொக்கிக் குடும்பம் ஒன்று இத்திட்டத்தின்கீழ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அக்குடும்பத்தில் வில்மா மேன்கில்லர் என்ற சிறுமி இருந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினொன்றுகூட நிரம்பவில்லை. முதல் இரவில் தெருவிலே அபாயச் சங்கு ஒலித்தபோது, ஏதோ காட்டு விலங்கு ஊளையிடுகிறது என்று அந்தக் குழந்தைகள் அஞ்சினார்களாம். தந்தைக்குக் கயிறு செய்யும் ஆலையில் வேலை கிடைத்தது. 1838-39-இல் தம் முன்னோர்கள் படை வீரர்களால் மேற்கே விரட்டப்பட்டு, வழியிலே ஆயிரக்கணக்கில் மடிந்த கண்ணீர்ப் பாதையை நினைத்துக் கொண்டதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

திட்டம் எதிர்பாராத விளைவு ஒன்றும் நகரங்களில் உண்டாயிற்று. வெவ்வேறு இனத்தவர் ஒரே குடியிருப்பில் சந்தித்தார்கள், சங்கங்கள் அமைத்தார்கள். 1969 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அல்கட்ராஸ் தீவிலே பழங்குடி இளைஞர்கள் குடியேறி, 19 மாதம் அதைத் தம் வசம் வைத்திருந்தார்கள். அவர்களுள் பலர் குடிபெயர்ந்த குடும்பங்களில் வளர்ந்தவர்கள். வில்மாவின் உடன்பிறந்தார் சிலரும் அங்கே சென்றார்கள். பொது வாழ்வில் வில்மாவுக்குக் கண் திறந்த இடம் அதுவே.

1970-களின் பிற்பகுதியில் அவர் தம் மக்களோடு ஓக்லஹோமாவுக்கு மீண்டார். அங்கே பெல் என்ற சிற்றூரில் பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் செரொக்கி அரசின் பணியாளராக அவர் அவ்வூருக்குச் சென்றார். நிதியும் பொருளும் வெளியிலிருந்து வந்தன, உழைப்பு ஊராருடையது. குழாய் பதித்தறியாத குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு, கற்றுக்கொண்டே வேலை செய்து, 16 மைல் நீளத்துக்குக் குழாய் பதித்தன. ஒருவர்க்கொருவர் கூடி உழைப்பதற்குச் செரொக்கி மொழியில் கடூகி என்று ஒரு சொல் உண்டு. அந்தப் பழைய சொல்லே அவ்வூரில் புதிய பயிற்சிக்கூடமாயிற்று. 1985-இல் வில்மா செரொக்கி நாட்டின் முதன்மைத் தலைவர் ஆனார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். 1995 வரை அதில் இருந்தார், 2010-இல் மறைந்தார். குடிபெயர்வுத் திட்டத்தின் கணக்குப்படி, திரும்பிவிட்ட அவர் யார்? தோல்விகளுள் ஒருவர்!

சட்டமும் மெல்ல மெல்ல மாறியது. 1970 ஜூலையில் அதிபர் நிக்சன், பழங்குடி அரசுகளை முடித்துவிடும் கொள்கை தவறானது என்று காங்கிரசுக்கு அறிவித்தார். 1975-இல் தன்னாட்சிச் சட்டம் வந்தது. மைய அரசு நடத்திவந்த பணிகளைப் பழங்குடி அரசுகளே ஒப்பந்தத்தின் மூலம் ஏற்று நடத்த அது வழி திறந்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம், பல துறைகளிலிருந்து வரும் வேலைவாய்ப்பு, பயிற்சி நிதிகளை ஒரே திட்டமாக இணைத்துக்கொள்ளும் உரிமையை அவற்றுக்குக் கொடுத்தது. எந்தத் தொழிலைக் கற்பிப்பது, எங்கே கற்பிப்பது என்பதை முடிவு செய்யும் இடம், தொலைதூரத்துத் தலைநகரிலிருந்து ஊருக்கு நெருங்கி வந்தது. வறுமை இதனால் ஒழிந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் கேள்வி கேட்பவரும் விடை சொல்பவரும் அம்மக்களே ஆனார்கள்.

நேயர்களே, 1956-இல் அந்தக் குடும்பங்கள் கற்க மறுத்தவை அல்ல. உழைக்க மறுத்தவையும் அல்ல. தொழில் வேண்டுமானால் ஊரை விடு என்ற நிபந்தனைதான் அவற்றின் முதுகை ஒடித்தது. ஓர் அரசு தன் மக்களுள் நலிந்தவர்க்குத் தொழிற்பயிற்சி வகுக்கும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர்க்கு வேலை கிடைத்தது என்று எண்ணிப் பார்க்கிறது. அதனோடு இன்னொன்றையும் எண்ண வேண்டும் என்பது என் வேண்டுகோள். கற்ற தொழிலோடு ஊர் திரும்ப விரும்புகிறவனுக்கு வழி இருக்கிறதா? சுவரிலே கோடிட்டு நாள் எண்ணுகிறவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள்.