ஒரே கம்பியில் பதினாறு வாத்தியம்: மிடி வந்த கதை

கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ, பெரிய குழு என்றால் மேடையில் இரண்டு கீபோர்டு இருக்கும். ஒருவர் புல்லாங்குழல் பிட் வாசிப்பார், இன்னொருவர் வயலின் வாசிப்பார். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது. ஏனென்றால் ஒவ்வொரு கீபோர்டுக்குள்ளும் தனி ஒலி இருக்கிறது, தனி ஒயர் மிக்சருக்குப் போகிறது.

அதே இரண்டையும் ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். சரியாக அமைக்காவிட்டால், புல்லாங்குழலுக்காக அழுத்திய கட்டை வயலினையும் சேர்த்துக் கத்த வைக்கும்! இங்கே கீபோர்டு ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தியை மட்டும் அனுப்புகிறது. அந்தச் செய்தியின் மொழிக்குப் பெயர்தான் மிடி. எந்தச் செய்தி எந்த வாத்தியத்துக்கு என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்கு 1981-க்குப் போக வேண்டும்.

போட்டிக் கம்பெனிகள் கைகோர்த்த கதை

அப்போது ஒவ்வொரு சிந்தசைசர் கம்பெனியும் தன் கருவிகளை இணைக்கத் தனி வழி வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொன்றோடு பேசாது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகெஹாஷி இதற்கு ஒரு பொது வழி வேண்டும் என்று பேச்சைத் தொடங்கினார். அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனர் டேவ் ஸ்மித் 1981-இல் ஒலிப் பொறியாளர் மாநாட்டில் இதற்கான திட்டத்தை வைத்தார். யமஹா, கோர்க், கவாய் ஆகியவையும் சேர்ந்தன.

1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் நடந்த கண்காட்சியில் ப்ராஃபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசிக்க மற்றது ஒலித்தது. ஒன்று அமெரிக்கக் கம்பெனி, மற்றது ஜப்பான் கம்பெனி!

இதில் வணிகப் பாடம் ஒன்று உண்டு. மிடிக்கு உரிமக் கட்டணம் வைக்கவில்லை. கட்டணம் வைத்திருந்தால் மற்றவர்கள் விலகிப்போய் வேறொன்றைச் செய்திருப்பார்கள். இலவசமாக விட்டதால், "இந்தக் கம்பெனியிடம் வாங்கினால் கடைசிவரை இவர்களிடமே மாட்டிக்கொள்வோமோ" என்ற பயம் வாங்குபவருக்குக் குறைந்தது. சந்தை எல்லோருக்கும் பெரிதானது.

ஏன் பதினாறு?

மிடியில் ஒரு ஸ்வரச் செய்தி 3 பைட். முதல் பைட்டின் கடைசி 4 பிட்டில் சானல் எண் இருக்கும். 4 பிட்டில் 16 எண்கள்தான் அடங்கும், ஆகவே 16 சானல். தபால்காரர் ஒரே பையில் 16 வீட்டுக் கடிதங்களைக் கொண்டுவருவதுபோல எல்லாம் ஒரே கம்பியில் வரும். ஒவ்வொரு வாத்தியமும் தன் எண் போட்ட கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் அனுப்புபவர் சரியான எண் போட வேண்டுமே! 1983-இல் வந்து பெரும் புகழ் பெற்ற யமஹா டிஎக்ஸ்7 சானல் 1-இல் மட்டுமே அனுப்பும். இன்றும் பல கீபோர்டுகள் சானல் 1-இல்தான் கடைக்கு வருகின்றன. இரண்டு பேரும் ஒரே எண் போட்டால் பிரிப்பது எப்படி?

வேகமும் ஒரு தடை. மிடி கம்பியில் நொடிக்கு 31,250 பிட் போகும். ஒரு ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட 1 மில்லி விநாடி. பத்து விரலால் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் பத்தாவது ஸ்வரம் 9 மில்லி விநாடி பின்தங்கும். அதனால் பல போர்ட் கொண்ட பெட்டிகள் வந்தன, போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனியாக 16 சானல். 1999-இல் யுஎஸ்பி வழி மிடிக்கும் விதி வந்தது. ஒவ்வொரு கீபோர்டும் தன் பெயரோடு கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆரம்பித்தது.

கோடம்பாக்கத்தில் நடந்தது

மலையாளத் திரைப்பட இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976-இல் மறைந்தபோது, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அவர் மகன்தான் ஏ. ஆர். ரகுமான். அந்தக் காலத்தில் பாடல் பதிவு என்றால் பெரிய கூடத்தில் ஏராளமான கலைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1989-இல் ரகுமான் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது.

சீக்வென்சரில் பதிவாவது ஒலி அல்ல, செய்தி. அதனால் நேற்று புல்லாங்குழலுக்குப் போன செய்தியை இன்று நள்ளிரவில் வேறு வாத்தியத்துக்குத் திருப்பிவிடலாம். யாரையும் கூப்பிட வேண்டாம். ஒருவரே ஒரு குழுவின் வேலையைச் செய்யலாம். இதன் மறுபக்கம் கசப்பானது. பதிவுக்கூட அழைப்பை நம்பி வாழ்ந்த வாத்தியக் கலைஞர்கள் பலருக்கு வேலை குறைந்தது.

இன்று செய்ய வேண்டியது

1996-இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தது. 1999-இல் அதில் வாத்தியங்களே மென்பொருளாக நுழைந்தன. இன்றைய மென்பொருளில் ஒவ்வொரு டிராக்கும் இரண்டு கேள்வி கேட்கும்: எந்தக் கீபோர்டு? எந்தச் சானல்? பல மென்பொருட்களில் முதலில் "எல்லாம்" என்றுதான் இருக்கும். குழப்பம் அங்கேதான். முதல் டிராக்குக்கு முதல் கீபோர்டின் பெயர், இரண்டாவதற்கு மற்றதன் பெயர் என்று கொடுத்தால் தீர்ந்தது. இரண்டும் ஒரே போர்ட் வழியாக வந்தால், ஒரு கீபோர்டைச் சானல் 2-க்கு மாற்றி, டிராக்கிலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு டிராக்கையும் பதிவுக்குத் தயார் நிலையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மட்டுமே ஒலிக்கலாம்.

கணக்கை முடிப்போம்

மிடியை இலவசமாகத் தந்த டேவ் ஸ்மித்தின் கம்பெனி 1987-இல் மூடப்பட்டு யமஹா கைக்குப் போனது. 2013-இல் அவருக்கும் காகெஹாஷிக்கும் சேர்த்துத் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. 2015-இல் யமஹா சீக்வென்ஷியல் என்ற பெயரை ஸ்மித்துக்கே திருப்பிக் கொடுத்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவர், ஒரு காலத்தில் போட்டியாளராக இருந்த காகெஹாஷி! அவர் 2017-இலும் ஸ்மித் 2022-இலும் மறைந்தார்கள்.

2020-இல் மிடி 2.0 வந்தது. சானல்கள் 256 ஆகிவிட்டன. ஆனாலும் 1983-இல் செய்த கீபோர்டைத் தகுந்த இணைப்பான் வழியாக இன்றைய கம்ப்யூட்டரில் மாட்டினால், அது சொல்வது இன்னும் புரிகிறது.