அணுவும் மனிதரும் - 17: தாய்மார்களைக் கேட்ட டாக்டர்

1950களின் தொடக்கம். பென்சிலின் வந்து, தொற்றுநோய்களால் குழந்தைகள் சாவது இங்கிலாந்தில் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. ஆனால் இரத்தப் புற்றுநோயால் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதிலும் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில்தான் சாவு அதிகம். ஏழைக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் மற்ற நோய்களைப் போல இது இல்லை. நல்ல உணவும் நல்ல மருத்துவமும் கிடைத்த வீடுகளிலும் இந்தச் சாவு விழுந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவப் பிரிவில் இருந்த டாக்டர் ஆலிஸ் ஸ்டூவர்ட்டுக்கு இந்தப் புள்ளிவிவரம் உறுத்தியது. 1906இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். தாய், தந்தை இருவருமே மருத்துவர்கள். பிறந்து இரண்டே வருடத்தில் முற்றுகிற நோய் என்றால், அதன் வேர் பிறப்புக்கு முன்பே ஊன்றியிருக்கலாம் என்று அவர் நினைத்தார். கர்ப்ப காலத்தில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? பெற்றவளுக்குத்தான் தெரியும். ஆகவே அவளிடமே கேட்பது என்று முடிவெடுத்தார்.

சென்ற வாரம் நியூஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய பெண்களைப் பார்த்தோம். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய அந்தப் பெண்கள் தாடை எலும்பு அழுகிச் செத்த பிறகுதான் உலகம் விழித்தது. ஆனாலும் அந்த விழிப்பு அரைகுறைதான். 1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய கதிரியல் மாநாட்டில், எக்ஸ்ரே மற்றும் ரேடியம் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு பிறந்தது. இன்றைய சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் தாய் அதுதான். 1934இல் அந்தக் குழு முதன்முதலாக ஓர் எண்ணைச் சொன்னது: நாளொன்றுக்கு 0.2 ராண்ட்ஜன் வரை உடம்பு தாங்கும். இன்றைய அலகில் அது கிட்டத்தட்ட 2 மில்லிசீவர்ட். இன்று கதிர்வீச்சோடு வேலை செய்யும் ஒரு தொழிலாளி ஓராண்டு முழுவதற்கும் சராசரியாக வாங்கலாம் என்று அனுமதிக்கும் அளவை, அன்று பத்தே நாளில் வாங்கிவிடலாம்.

அந்த எண்ணுக்கு அடிப்படை என்ன? தோல். எக்ஸ்ரே பட்டுத் தோல் சிவக்கும் அளவைக் கண்டு, அதில் ஒரு சிறு பங்கை 'தாங்கக்கூடிய அளவு' என்று எழுதிவைத்தார்கள். தோல் சிவக்காவிட்டால் ஆபத்தில்லை, வரம்புக்குக் கீழே எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. 1927இலேயே அமெரிக்க விஞ்ஞானி ஹெர்மன் முல்லர், எக்ஸ்ரே பட்ட பழ ஈக்களின் மரபணுக்கள் மாறி, அந்த மாற்றம் வாரிசுகளுக்கும் இறங்குகிறது என்று காட்டியிருந்தார். அதற்காக 1946இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் ஈக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா என்று கேட்டு, அன்றாட மருத்துவம் அதை ஓரமாக ஒதுக்கியது.

மக்களிடமோ எக்ஸ்ரேயைப் பற்றிய பயமே இல்லை. செருப்புக் கடைகளில் மரப்பெட்டி ஒன்று நிற்கும். குழந்தை அதன் மேல் ஏறி, புதுச் செருப்போடு பாதங்களைக் கீழே உள்ள பிளவுக்குள் நுழைக்கும். பெட்டியின் உச்சியில் மூன்று பார்வைத் துளைகள். ஒன்றில் குழந்தை, ஒன்றில் தாய், ஒன்றில் கடைக்காரர். பச்சை ஒளியில் குழந்தையின் கால் எலும்புகள் செருப்புக்குள் அசைவதை மூவரும் குனிந்து பார்ப்பார்கள். மகப்பேறு மருத்துவமனைகளிலும் அதே தாராளம். இரட்டைக் குழந்தையா, தலை எந்தப் பக்கம், இடுப்பெலும்பு விரிவு போதுமா என்று பார்க்க, வயிற்றை எக்ஸ்ரே எடுப்பது சாதாரண நடைமுறை.

ஸ்டூவர்ட்டிடம் இருந்த பணம் வெறும் 1,000 பவுண்டு. அதைக் கொடுத்தது லேடி டாட்டா நினைவு நிதி. இரத்தப் புற்றுநோயால் இறந்த தம் மனைவி மெஹர்பாயின் நினைவாக, அந்த நோயின் ஆராய்ச்சிக்கென தோரப்ஜி டாட்டா ஏற்படுத்திய அறக்கட்டளை அது. அந்தச் சிறு தொகையை வைத்து, 1953 முதல் 1955 வரை புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களைத் தேடினார். உள்ளூர்ச் சுகாதார அதிகாரிகள் வழியாகக் கேள்வித்தாள்கள் வீடு வீடாகப் போயின. இறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இணையாக அதே ஊரில், அதே வயதில், நலமாக உள்ள ஒரு குழந்தையின் தாயிடமும் அதே கேள்விகள். என்ன நோய் வந்தது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், என்று போன பட்டியலில் ஒரு வரி: எக்ஸ்ரே எடுத்தீர்களா?

சில டசன் தாள்கள் திரும்பி வந்தபோதே விடை கண்ணில் பட்டது. குழந்தையை இழந்த தாய்மார்களில் கர்ப்ப காலத்தில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் மிக அதிகம். 1956இல் 'லான்செட்' இதழில் முன்னோட்டக் குறிப்பாகவும், 1958இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்ன'லில் முழு ஆய்வாகவும் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். கருவிலேயே எக்ஸ்ரே பட்ட குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் கருவின் மேல் பட்டது ஏறத்தாழ 10 மில்லிகிரே (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை 10 மில்லிசீவர்ட்டுக்குச் சமம்). இன்று வயிற்றுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் படுகிற அளவுதான் அது. தோல் சிவக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராத சின்ன அளவு, ஒரு பிள்ளையின் உயிரை எடுக்க முடியும் என்றால், 'தாங்கக்கூடிய அளவு' என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

மருத்துவ உலகம் இதை வரவேற்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து வைத்திருப்பாள், நலமான பிள்ளையைப் பெற்றவள் மறந்திருப்பாள், ஆகவே தாயின் ஞாபகத்தை நம்பி விஞ்ஞானம் செய்ய முடியாது என்றார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடையைத் தேட வேண்டிய பொறுப்பு கேட்டவர்களுக்கும் இருந்தது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால், 1960இல் கோர்ட் பிரவுனுடன் சேர்ந்து, எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த சுமார் 39,000 குழந்தைகளை ஆராய்ந்தார். இரத்தப் புற்றுநோய் கூடவில்லை என்றார். ஹிரோஷிமாவில் கருவில் இருந்தபோது கதிர்வீச்சு பட்ட குழந்தைகளிடமும் அப்படி எதுவும் தெரியவில்லை என்று எடுத்துக்காட்டினார்கள். ஆனால் ஹிரோஷிமாவின் நீண்டகால ஆய்வு தொடங்கியதே 1950இல்தான். குண்டு விழுந்த முதல் ஐந்து ஆண்டுகளில் பலவீனமானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிஞ்சியவர்களை வைத்து மற்றவர்களைக் கணக்கிடக் கூடாது என்று ஸ்டூவர்ட் கடைசிவரை வாதாடினார்.

1962இல் ஹார்வர்டின் பிரையன் மக்மஹோன் தாய்மார் யாரையும் கேட்கவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைத் திறந்தார். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைக் கணக்கெடுத்தார். எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய்ச் சாவு சுமார் 40 சதவீதம் அதிகம் என்று வந்தது. மடங்கு குறைந்தாலும் உண்மை நின்றது. தாய்மார்களின் ஞாபகம் பொய் சொல்லவில்லை. 1970இல் ஸ்டூவர்ட்டும் புள்ளியியலாளர் ஜார்ஜ் நீலும், எக்ஸ்ரே படங்களின் எண்ணிக்கை கூடக் கூட அபாயமும் கூடுவதைக் காட்டினார்கள். அதற்குள் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு தொடங்கிவைத்த அல்ட்ராசவுண்டும் வளர்ந்து வந்தது. கர்ப்பிணிகளை எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் மெல்லத் தேய்ந்தது. 1997இல் அதே ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் வேக்ஃபோர்டுடன் சேர்ந்து எல்லா ஆதாரங்களையும் அலசி எழுதினார்: 10 மில்லிகிரே அளவே கருவிலிருக்கும் குழந்தைக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. முதல் ஆய்வுக்கும் இதற்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனை வயிறுகள் எக்ஸ்ரேக்கு அடியில் கிடந்தன என்று எண்ணும்போது மனம் பதறுகிறது.

இதற்கிடையில் வரம்பும் இறங்கிக்கொண்டே வந்தது. 1950களின் இறுதியில் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 5. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களை மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, அவர்கள் மேல் பட்ட அளவையும் மறுபடி கணக்கிட்டபோது, அபாயம் நினைத்ததைவிடப் பெரிது என்று தெரிந்தது. 1990இல் தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, பொதுமக்களுக்கு 1 என்று ஆணையம் பரிந்துரைத்தது. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பின்பற்றுவதும் இதைத்தான். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்ற கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. அமெரிக்கா இன்னும் 50இலேயே நிற்கிறது.

சின்ன அளவைப் பற்றிய விவாதம் முடிந்துவிடவில்லை. கன்னியாகுமரி முதல் கொல்லம் வரையிலான கடற்கரையின் மோனசைட் மணலில் கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கிறது. அந்தக் கடற்கரையிலுள்ள கருநாகப்பள்ளி மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இயற்கைக் கதிர்வீச்சில் வாழ்கிறார்கள். அங்கே நடந்த நீண்ட ஆய்வில் அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சின்ன அளவு தீங்கு செய்யாது என்போர் இதைக் காட்டுகிறார்கள். மறுபக்கம், பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுத் துறைத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, அளவு ஏற ஏறப் புற்றுநோய்ச் சாவும் ஏறுகிறது என்கிறது. இரண்டையும் மறைக்காமல் மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும்.

அந்தப் பேச்சில் யாருக்கு இடம் என்பதே முக்கியம். 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின், பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரை பரவாயில்லை என்று ஜப்பான் அரசு சொன்னது. அரசின் ஆலோசகராக இருந்த பேராசிரியர் தோஷிசோ கொசாகோ, இதை ஏற்க முடியாது என்று கண்ணீரோடு பதவி விலகினார். பெற்றோர் அமைச்சகத்தின் வாசலுக்கே போய் நின்றார்கள். பள்ளிகளில் 1 மில்லிசீவர்ட்டை இலக்காகக் கொள்வோம் என்று மே மாதக் கடைசியில் அரசு இறங்கி வந்தது.

1934இல் வரம்பு எழுதியவர்கள் எல்லோரும் கதிர்களைக் கையாண்டவர்கள். கதிர் பட்ட நோயாளிகளோ தாய்மார்களோ யாரும் அந்த அறையில் இல்லை. ஸ்டூவர்ட் செய்த பெரிய காரியம், அவர்களை அந்த அறைக்குள் அழைத்து வந்ததுதான். வரம்பு என்பது ஆபத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே இயற்கை போட்ட கோடு இல்லை. எவ்வளவு தீங்கைப் பொறுத்துக்கொள்வது என்று ஒரு சமூகம் எடுக்கும் முடிவு அது. தீங்கைச் சுமப்பவரைக் கேட்காமல் அந்த முடிவை எடுக்கும் உரிமை எந்த நிபுணருக்கும் எந்த அரசுக்கும் கிடையாது.

எக்ஸ்ரே அறை வாசலில், கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ கூச்சப்படாமல் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனை எதற்கு, கதிர்வீச்சு இல்லாமல் வேறு வழி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவசியம் என்றால் பயப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

(தொடரும்)