அரளியும் அயனியும்

சங்கரன்கோவில் பூக்கடைகளில் முழம்போட்டு விற்கும் செவ்வரளிச் சரத்தைக் காணுந்தோறும் அதன் பழம்பெயர் நினைவில் எழும்: கணவிரம். திருமுருகாற்றுப்படையில் அது முருகனை அழைக்கும் வெறிக்களத்து மாலை. வடமொழி நாடகமான மிருச்சகடிகத்திலோ கொலைக்களம் செல்லும் சாருதத்தன் கழுத்து மாலை. பூசைக்கும் சாவுக்கும் ஒரே பூ.

அது நஞ்சென்பதை முன்னோர் அறிவர். நஞ்சு இயங்கும் வழி இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று. 1785இல் வில்லியம் விதரிங் உடல்வீக்க நோய்க்கு மருந்தென விளக்கிய டிஜிடாலிஸ் செடியின் நஞ்சும் அரளி நஞ்சும் ஓரினத்தவை. இவை உயிரணுவிலிருந்து சோடியம் வெளியேற்றப்படுவதைத் தடுக்கின்றன என 1953இல் ஷாட்ஸ்மான் கண்டார். அவ்வேலையைச் செய்யும் நொதியை 1957இல் டென்மார்க்கின் ஸ்கோ கண்டறிந்தார். 1997இல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்று சோடிய அயனிகளை வெளித்தள்ளி இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளிழுப்பது அந்நொதி. அது முடங்கினால் உள்ளே சோடியம் பெருகும்; அதனால் கால்சியம் வெளியேற வழியின்றித் தேங்கும்; தசை இறுகும். இதயத்தில் மட்டுமன்று, இரத்தக்குழாய்ச் சுவரின் வரியற்ற தசையிலும் இவ்வாறு நிகழலாம், இரத்தக்கொதிப்புக்கும் அது காரணமாகலாம் என 1977இல் பிளாஸ்டீன் கருதுகோள் முன்வைத்தார்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மஞ்சள் அரளியும் இவ்வினமே. 1980களிலிருந்து யாழ்ப்பாணத்தில் பல உயிர்களைக் கொண்டது அதுதான். ஆட்டின் குருதியிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் இந்நஞ்சை முறிக்கும் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வு 2000இல் நிறுவிற்று. அரளி உண்டவரை வீட்டில் வைத்துக் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டியது இதனாலேயே.